எந்தக் கிழமை, எந்த அறை?

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதல்முறை வருகிறவர்களைக் கவனித்தால், பலர் கையிலும் ஒரு தடித்த பை இருக்கும். இ.சி.ஜி., எக்கோ, தலை ஸ்கேன், தைராய்டு ரிப்போர்ட் என்று உள்ளே அடுக்கடுக்காகக் காகிதங்கள். எல்லாவற்றிலும் ‘நார்மல்’. நெஞ்சு படபடக்கிறது என்று இதய மருத்துவரிடம் போயிருப்பார்கள். தலை பாரமாக இருக்கிறது என்று நரம்பு மருத்துவரிடம். நடுவில் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, ஜாதகமும் பார்த்தாயிற்று. மெடிக்கல் ஷாப்பில் சொல்லித் தூக்க மாத்திரையும் வாங்கியாயிற்று. கடைசியில் யாரோ ஒருவர், “எதுக்கும் ஒரு தடவை மனநல டாக்டரைப் பாருங்களேன்” என்று சொல்லியிருப்பார். அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. நகையும் அடகுக்குப் போய்விடுகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கே வரவில்லை என்றது. மருத்துவர்கள் போதவில்லை என்பது உண்மை. ஆனால் இருக்கிற மருத்துவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மனநல மருத்துவமனை என்றால் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை ஒன்றுதான் இன்னமும் நம் நினைவுக்கு வருகிறது.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. தமிழகத்தில் அதற்கு முதலில் தேர்வானது திருச்சி. இன்று அது மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட ஒரு குழு மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கும். அந்தக் குழுவே முறைவைத்துக் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போய்வரும். ஆலோசனை இலவசம், மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத்துக்கென்று தனித் துறையே உண்டு. ஆக, கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: எந்தக் கிழமை, எந்த அறை?

அதைக் கேட்கவும் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மருத்துவமனையில் மனநலப் பிரிவு, ஸ்கேன் அறையைத் தாண்டி, வராந்தாவின் கோடியில் இருந்தது. கதவில் பெயர் இருந்தது, ஆங்கிலத்தில் மட்டும். முன்னால் ஒரே ஒரு பெஞ்சு. வந்தவர்கள் பாதிப்பேர் அதில் உட்காராமல் தூணோரமாக நின்றார்கள், தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாதே என்று. கண்ணுக்கும் பல்லுக்கும் தமிழில் பெரிய போர்டு வைக்கிறோம். மனதுக்கும் அதே அளவில் ஒன்று வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இந்தத் தேடலை யார் செய்வது என்பதுதான் இதில் முக்கியமானது. மனச்சோர்வு வந்தவருக்குக் காலையில் எழுந்து பல் துலக்குவதே மலைப்பு. நாலு இடம் விசாரித்து, பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நிற்கும் தெம்பைத்தான் நோய் முதலில் பறித்துக்கொள்கிறது. அவரிடம் போய் “ஒரு நல்ல டாக்டராப் பாரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அவர் போகவே மாட்டார். விசாரிக்கிற வேலையை உடனிருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனோ, மச்சினியோ, எதிர்வீட்டு அக்காவோ யாராக இருந்தாலும் சரி. “உனக்கு என்னம்மா குறை? நல்ல வேலை, தங்கமான புருஷன்” என்கிற பேச்சு சோர்ந்துபோன பெண்ணை இன்னும் ஒரு படி கீழே தள்ளும். “வியாழக்கிழமை டாக்டர் வர்றாராம். நானும் கூட வர்றேன், போயிட்டு வந்துடலாம்” என்றால் கிளம்பிவிடுவாள்.

யாரிடம் விசாரிப்பது என்று தெரியாதவர்கள் போனை எடுக்கலாம். 14416 என்பது ‘டெலி மானஸ்’ எண். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்றும் கேட்கலாம். நோயாளிக்காகக் குடும்பத்தாரும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்ற பயம் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் பேச்சுதான். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எப்போதிலிருந்து இப்படி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, காதில் குரல் கேட்கிறதா, சாகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்பார்கள். கூட வந்த அம்மா எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்வார். மருத்துவர் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வார். கதவு சாத்திய பிறகுதான் பையன் வாயைத் திறப்பான். அவன் சொன்னதை மருத்துவர் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவனுக்குத் தந்த உரிமை.

மருந்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலும் அசதியும் வேண்டுமானால் இருக்கலாம். பலர் பத்தாவது நாள் “சரிப்படல” என்று நிறுத்துவது இதனால்தான். பலன் கண்டவர்களோ இரண்டாவது மாதம் “சரியாயிடுச்சு” என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. குடிநோய்க்கும் இதே வாசல்தான். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், உளறல் வரலாம், உயிரே போகலாம். அதை மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைக் கண்டிப்பது எளிது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்கா இருக்கிற ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அதை மறக்கவே கூடாது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம். ஆனால் அதே ஏர்வாடியில் பிற்பாடு நடந்ததும் சொல்லப்பட வேண்டியது. தர்காவுக்கு வருகிறவர்களைத் தடுக்காமல், அங்கேயே மனநல மருத்துவரை உட்காரவைத்தார்கள். ‘தவா – துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். தொழுகையும் நடக்கிறது, மாத்திரையும் போகிறது. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலையொட்டியும் மனநல மறுவாழ்வு மையம் உண்டு. ஜனங்கள் ஏற்கெனவே நம்பிப் போகிற இடத்துக்கு மருத்துவம் தேடிப்போனது, என் பார்வையில், தமிழக மனநல வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. வேண்டுதலை நிறுத்தச் சொல்லி எந்தக் குடும்பத்தோடும் மல்லுக்கட்ட வேண்டாம். கூடவே மாத்திரையும் போகட்டும் என்றால் கேட்பார்கள்.

தனியாரிடம் போகிறவர்கள் பெயருக்குப் பின்னால் இருப்பதைப் படிக்க வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுகிறவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்று மட்டும் போர்டு மாட்டியிருந்தால் என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வின் எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகுமே என்று இன்னமும் பல வீடுகள் இதை மூடி மறைக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017 சட்டம் கருதுகிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை.

உங்கள் தாலுகா மருத்துவமனையில் விசாரித்து, மனநலக் குழு வருவதே இல்லை என்றோ, மாத்திரை மாதக்கணக்காக இருப்பில் இல்லை என்றோ தெரியவந்தால், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பட்டாவுக்கும் தெருவிளக்குக்கும் கொடுக்கிற அதே மனுதான். வீட்டில் நோயாளி இருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, எந்த நோயாளியின் பெயரையும் எழுத வேண்டியதும் இல்லை. எங்கள் ஊருக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார், எந்த அறையில் பார்ப்பார் என்று மருத்துவமனை வாசலில் தமிழில் எழுதி வையுங்கள் என்று கேட்டால் போதும். ஊர்க்காரர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், மனுவை வாங்கி ஓரமாக வைப்பது கடினம்.