மறைந்து நிற்கும் சொல்



என் ஆசிரிய வாழ்வில் நான் செய்த பிழைகளுள் ஒன்று ஒரு விடுப்புக் கடிதத்தைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், காலை மணி அடித்த சிறிது நேரத்தில் என் மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்பது அந்நாளில் நானே இட்டிருந்த விதி. அதில் அவன், “மை ஃபாதர் ஸேய்ஸ் தட் ஐ ஆம் இல்” என்று எழுதியிருந்தான். பையனை ஏற இறங்கப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மிதிவண்டி மிதித்து வந்த வியர்வைதான் நெற்றியில் இருந்தது. “நோயாளியின் முகமா இது? இடத்தில் போய் உட்கார்” என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை.

நோயுற்றிருந்தவர் அவனுடைய தந்தை. மருத்துவமனைக்குத் துணையாக மகன் திரும்பி வருவான் என்று அவர் உச்சிவேளை கழியும்வரை திண்ணையிலேயே காத்திருந்தார் என்பது எனக்கு மாலையில்தான் தெரிந்தது.

பையன் பொய் எழுதவில்லை. “‘எனக்கு உடல்நலமில்லை’ என்று அப்பா சொல்கிறார்” எனத் தமிழில் நினைத்தான். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினான். ‘என்று’ என்றால் ‘தட்’ என்பது யான் அவனுக்குக் கற்பித்த பாடமே. அது பாதி உண்மை. தமிழில் ‘என்று’ என்னும் சொல், பிறர் கூற்றை அவர் வாயில் வந்தபடியே கொண்டுவரவும் வல்லது; மாற்றி உரைக்கவும் வல்லது. ஆங்கிலத் ‘தட்’டுக்கு அந்த இரட்டைத் திறம் இல்லை. அது வந்துவிட்டால் ‘ஐ’ என்பது கடிதம் எழுதியவனையே குறிக்கும். அவன் ‘ஹீ இஸ் இல்’ என்று எழுதியிருக்க வேண்டும். அன்றேல், ‘தட்’ இன்றித் தந்தையின் கூற்றை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்க வேண்டும். மறுவாரமே அந்த விதியை நீக்கினேன். எனினும் அவ்வொரு சொல் என்னை விடவில்லை. ஒரு தொடருக்குள் மற்றொரு தொடரை வைத்துப் பூட்டும் இச்சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் ‘ஐ நோ தட் ஹீ கேம்’ என்கிறோம். ‘ஐ நோ ஹீ கேம்’ என்றும் சொல்கிறோம். பொருள் ஒன்றே. இரண்டாவது தொடரில் ‘தட்’ இல்லை எனலாமா? நம் இலக்கணம் பயின்றவர் அவ்வாறு சொல்லார். ‘தொக்கி நின்றது’ என்பர். ‘பால் குடித்தான்’ என்ற தொடரில் ‘ஐ’ உருபு காதில் விழுவதில்லை. ஆயினும் பாலைத்தான் குடித்தான் என்று ஐயமின்றி அறிகிறோம். ஒலி மறைந்தும் பணி மறையாமல் நிற்பதே தொகை. மேல்நாட்டு மொழிநூலார் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை ஒலியில்லாத இணைப்புச் சொல் என்று ஆராயத் தலைப்பட்டனர். நமக்கு அது புதிய கருத்தன்று.

ஆனால் தமிழில் ‘என்று’ அவ்வாறு தொகுமா? ‘அவன் வந்தான் அறிவேன்’ என்று யாரும் சொல்வதில்லை. நம் ஊர்ப் பேச்சில் அது ‘வந்தாண்ணு’ எனக் குறுகும். ‘ண்ணு’ அளவுக்குத் தேயுமேயன்றி அற்றுப் போகாது. ஆங்கிலத்தில் உதிரக்கூடிய சொல் தமிழில் உதிராதிருப்பது ஏன்?

விடை தொடரின் அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ நோ’ முதலில் வந்துவிடுகிறது. எதை அறிந்தான் என்று கேட்பவன் செவி காத்திருக்கிறது. அடுத்து ஒரு தொடர் வந்தால் அது உட்தொடர் என்று தானே உணர்ந்துகொள்கிறது. தமிழில் உட்தொடரே முந்தி வருகிறது. அதுவும் முற்றுவினையோடு வருகிறது. ‘அவன் வந்தான்’ என்றதும் செய்தி முடிந்துவிட்டது என்றே கேட்பவன் கொள்வான். ‘முடியவில்லை, இன்னும் இருக்கிறது’ என்று அறிவிக்க ஒரு காவலன் வேண்டும். ‘என்று’ அந்தக் காவலன்.

இதனை ஆங்கிலத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். அங்கும் உட்தொடர் முன்னே வந்தால் ‘தட்’ மறைய இயலாது. ‘தட் ஹீ இஸ் ஹானஸ்ட் இஸ் வெல் நோன்’ என்பதில் முதற்சொல்லை எடுத்துவிட்டால், ‘ஹீ இஸ் ஹானஸ்ட்’ என்பதே முழுச் செய்தியாகிவிடும். பின்வரும் ‘இஸ்’ வழி தெரியாமல் நிற்கும். இவ்விடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப் போகின்றன. ‘இங்கே வந்த பையன் என் தம்பி’ என்பதை நம் மாணவர் ‘தி பாய் கேம் ஹியர் இஸ் மை பிரதர்’ என்று எழுதிச் சிவப்பு மை வாங்குவதும் இதனாலேயே. ‘தி பாய் கேம் ஹியர்’ என்பது தனித்தொடராகக் காதில் விழுந்துவிடுகிறது; ‘ஹூ’ வேண்டும். ஆனால் ‘தி பாய் ஐ சா’ என்பது நல்ல ஆங்கிலம். இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதே உட்தொடர் தொடங்கியதைக் காட்டிவிடுகிறது. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘வந்த’, ‘பார்த்த’ என்னும் பெயரெச்சத்தின் ஈற்று அகரமே அந்த வேலையைச் செய்துவிடும்.

இந்தச் சொற்கள் பிறந்த கதையும் சுவையானது. ‘தட்’ என்பது ‘அது’ என்று சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. ‘அதை அறிவேன்: அவன் வந்தான்’ என்ற பழைய அமைப்பே நாளடைவில் இறுகி ஒரு தொடராயிற்று. ஜெர்மன் மொழியில் சுட்டுச் சொல்லும் இணைப்புச் சொல்லும் இன்றும் ஒரே ஒலியுடையன. எழுத்தில் மட்டும் வேறுபடுகின்றன. தமிழிலோ ‘என்று’ என்பது ‘சொல்லி’ என்று பொருள்படும் வினையெச்சம். ‘என்’ என்னும் வினையடியிற் பிறந்தது. தெலுங்கின் ‘அனி’யும் மலையாளத்தின் ‘என்னு’ம் அதன் உறவினர். சிங்களத்தின் ‘கியலா’ வேறு குடும்பத்துச் சொல். ஆயினும் அதற்கும் ‘சொல்லி’ என்பதே பொருள். ஆங்கிலேயன் சுட்டிக்காட்டி இணைத்தான். நாம் சொல்லி இணைத்தோம். “‘வா’ என்றான்” என்னும்போது இடையில் வேறு ‘என்று’ வேண்டாதிருப்பதைக் காண்க. இணைக்கும் வினையே அங்கு முற்றாக வந்துவிட்டது.

தொல்காப்பியர் இதனைக் கூர்ந்து கண்டிருக்கிறார். இடையியலில் ‘என’ என்னும் சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடங்களைக் கூறி, ‘என்று’ என்பதும் அத்தகையதே என்கிறார். ‘திடுக்கென விழித்தான்’ என்பது குறிப்பு. ‘கலகலவெனச் சிரித்தாள்’ என்பது இசை. எச்சவியலில் பத்து எச்சங்களை எண்ணுமிடத்து ‘என’ என்பதனையும் ஓர் எச்சமாக வைத்து, அது வினையைக் கொண்டு முடியும் என்று விதிக்கிறார். ‘காவலன்’ என்று மேலே யான் சொன்னதன் இலக்கணப் பெயர் அதுவே. அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. அவ்வாசிரியரின் ஊர் நம் மாவட்டத்து அதங்கோடே என்று இப்பகுதியார் பெருமையோடு கொள்கின்றனர்.

மறைக்கலாம் என்பதால் எப்போதும் மறைக்கலாகாது. ‘ஹீ செட் எஸ்டர்டே ஹீ சா தி தீஃப்’ என்று ஒருவன் சாட்சி எழுதினால், திருடனைக் கண்டது நேற்றா, அவன் சொன்னது நேற்றா? ‘எஸ்டர்டே’க்கு முன்னே ‘தட்’ வந்தால் கண்டது நேற்று. பின்னே வந்தால் சொன்னது நேற்று. வழக்கு மன்றத்தில் ஒருவன் விடுதலை பெறுவதும் சிறை செல்வதும் அதனைப் பொறுத்திருக்கலாம். தமிழிலும் ‘நேற்றுத் திருடனைக் கண்டதாகச் சொன்னான்’ என்பது இதே மயக்கத்தைத் தரும். ‘திருடனைக் கண்டேன் என்று நேற்றுச் சொன்னான்’ என்றால் மயக்கமில்லை. மேலும் ‘நோ’, ‘திங்க்’, ‘ஸே’ போன்ற எளிய வினைகளின் பின் ‘தட்’ எளிதில் மறையும். முணுமுணுத்தல், கூவுதல் போன்றவற்றின் பின் அவ்வளவு எளிதில் மறையாது.

இனி, மேற்சொன்ன காரணத்துக்கு அடங்காத ஓர் இடம் உண்டு. ‘யார் வந்தார் என்று நினைக்கிறாய்?’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஹூ டூ யூ திங்க் கேம்?’ என்பர். அதில் ‘தட்’ சேர்த்து ‘ஹூ டூ யூ திங்க் தட் கேம்?’ என்றால் பெரும்பாலான ஆங்கிலேயர் செவிக்கு அது பிழை. அதே சமயம் ‘ஹூ டூ யூ திங்க் தட் ஹீ சா?’ என்பதை அவர்கள் ஏற்கின்றனர். எழுவாயைப் பற்றி வினவும்போது மட்டும் ‘தட்’ மறைந்தே தீர வேண்டியிருக்கிறது. அமெரிக்கரில் சிலர் இதனையும் பிழையாகக் கருதுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக மொழிநூலார் இதற்குப் பல காரணங்கள் கூறி வருகின்றனர். எல்லோரும் ஒப்பும் விடை இன்னும் கிட்டவில்லை. தமிழில் அதே வினாவிலிருந்து ‘என்று’ என்பதை நீக்கிப் பாருங்கள்: ‘யார் வந்தார் நினைக்கிறாய்?’ நம் வீட்டுக் குழந்தைகூட அவ்வாறு கேட்காது.