ஒற்றைக் கோலா, இரு துண்டுக் கோலா? மலையடிவாரக் கிராமங்களுக்கு ஏற்ற தூண்டிற்கோல்

தேனி ஜில்லா போடிநாயக்கனூரிலும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் குடிகளுள் தூண்டில் போடுவோர் பலர் உண்டு. சிலருக்கு அது ஓய்வுநாட் பொழுதுபோக்கு. சிலருக்கு ஒரு வேளைக் குழம்புக்கு வழி. வலை வீசுவதற்குக் குத்தகையும் கூட்டாளிகளும் வேண்டும். தூண்டிலுக்கு ஒரு கோலும், சிறிது நரம்பும், ஒரு முள்ளும், மண்புழுவும் இருந்தாற் போதும். ஆயினும் அக்கோல் ஒரே துண்டாக இருத்தல் நலமா, நடுவே பூண் இட்டு இணைக்கும் இரு துண்டாக இருத்தல் நலமா என்பது இப்போது அடிக்கடி எழும் கேள்வியாகும். கடைகளில் தொங்கும் பளபளப்பான கோல்களைக் கண்டு சில நாட் கூலியைக் கொடுத்து வாங்கியவர், முதல் மழைக்காலத்திலேயே இணைப்பு உடைந்து கையைப் பிசைவதுண்டு. ஆகையால் இவ்விரு வகைகளின் குணங்களைக் குடிகள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

கோல் வளையும் விதம்

மீன் இழுக்கும்போது முதலில் வளைவது கோலின் நுனி. இழுப்பு மிகுந்தால் வளைவு படிப்படியாகக் கைப்பிடியை நோக்கி இறங்கும். பாரம் முழுவதும் இறுதியில் அடிப்பகுதியைத் தாக்குவதால்தான் கோலின் அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருக்கவேண்டும். ஒற்றைக் கோலில் இவ்வளைவு தடையின்றி ஓடுகிறது. இரு துண்டுக் கோலில், நடுவிலுள்ள உலோகப் பூண் வளையாது நிற்கிறது. வளையும் பகுதியும் வளையாத பகுதியும் சந்திக்கும் பூணின் விளிம்பிலேயே பாரம் குவிகிறது. மூங்கிற்கோல் பெரும்பாலும் அவ்விடத்திலேயே முறிவதன் காரணம் இதுவே. மேலும், பூணின் எடை கைக்கு வெகு தூரத்தில் இருப்பதால், நெடுநேரம் பிடித்திருப்பவருக்குக் கை சலிக்கும்.

இக்குறைகளை மேல்நாட்டாரும் அறிந்திருந்தனர். சென்னை ராஜதானியில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப்பற்றி 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்துத் துரைமார் கொணர்ந்த கோல்கள் பெரும்பாலும் பல துண்டுகளாகக் கழற்றக்கூடியவை. கப்பலிலும் மாட்டு வண்டியிலும் நெடுந்தூரம் பிரயாணம் செய்தவர்களுக்கு அதுவே இயன்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளிலும், பின்னர் மூணாற்றுப் பக்கத்து உயர்மலை ஓடைகளிலும் டிரவுட் என்னும் அந்நிய மீன் விடப்பட்டபோதும், அதைப் பிடிக்கச் சென்ற தோட்ட அதிகாரிகள் இணைப்புக் கோல்களையே கொண்டுசென்றனர். ஆக, இணைப்பு என்பது மீனுக்காக ஏற்பட்டதன்று; பிரயாணத்துக்காக ஏற்பட்டது. கோலைத் தெரிந்தெடுப்பவர் மறவாது மனத்திற் கொள்ளவேண்டிய விஷயம் இது ஒன்றே.

கண்மாய்க்கரை வாசிகளுக்கு ஒற்றைக் கோல்

போடியைச் சூழ்ந்த பங்காருசாமி கண்மாய், மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாய் முதலியவற்றின் அருகே குடியிருப்போர், வீட்டிலிருந்து கரைக்கு நடந்தே செல்பவர். இவர்களுக்கு இணைப்பு எதற்கும் பயன்படாது. கெண்டை, கெளுத்தி, ஜிலேபி முதலிய மீன்களுக்கு 8 முதல் 12 அடி நீளமுள்ள ஒற்றை மூங்கிற்கோல் மிகவும் ஏற்றது. அது முறிந்தாலும் பெருநஷ்டம் இல்லை. வேறொன்று தாமே செய்துகொள்ளலாம்.

இதற்குக் கல்மூங்கிலே உத்தமம். வறண்ட சரிவுகளில் வளரும் கல்மூங்கிலின் உட்துளை மிகச் சிறியது. சில கழிகளில் துளையே இராது. மலையின் ஈரமான பக்கங்களில் வளரும் ஈத்தையோ நீண்டும் நேராகவும் இருந்தபோதிலும் சுவர் மெல்லியதாகையால் விரைவில் பிளந்துவிடும். இளங்கழியை வெட்டினால் காய்ந்தபின் சுருங்கும். மூன்று வருஷம் முற்றிய கழியை மழை ஓய்ந்த காலத்தில் வெட்டி, ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைத்தால், உளுக்கச் செய்யும் பூச்சிக்கு உணவாகும் மாச்சத்து கரைந்துபோம். பின்பு நிழலில், நுனி கீழே இருக்குமாறு தொங்கவிட்டு, நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டிவைத்தால் கழி நேராகக் காயும். எஞ்சிய கோணலைத் தணல்மீது வாட்டி நிமிர்த்தலாம். கணுக்களை மட்டும் இழைத்து, மேற்பட்டையைச் சுரண்டாது விடவேண்டும். கழியின் பலமெல்லாம் அப்பட்டையிலே உள்ளது. அடுத்தவர் நிலத்திலோ ரிஸர்வ் காட்டிலோ அனுமதியின்றி மூங்கில் வெட்டுதல் குற்றமாகையால், சொந்தப் பட்டா நிலத்துக் கழியையோ மூங்கிற் கடைக் கழியையோ கொள்ளுதல் நலம்.

பிரயாணம் செய்வோருக்கு இரு துண்டுக் கோல்

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைப் பக்கத்துக்கோ, வேறு தூரத்து நீர்நிலைகளுக்கோ செல்வோரின் நிலை வேறு. பத்து அடிக் கோலைப் பஸ்ஸிற்குள் ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதியார். 1928 முதல் மதுரைக்கும் போடிக்கும் ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2010-இன் இறுதியில் நின்று, அகலப்பாதையாக 2023 ஜூனில் மீண்டும் போடிக்கு வந்துள்ளது; அதிலும் நெடுங்கோல் இடைஞ்சலே. மலைமேலும் அப்படியே. ஏலச்செடிகள் ஆளுயரத்துக்குமேல் அடர்ந்து நிற்கும் ஒற்றையடிப் பாதையில் நீண்ட கோல் இலைதோறும் கொடிதோறும் சிக்கும். அப்படிச் செல்ல நேர்ந்தால் அடிப்பகுதி முன்னும் நுனி பின்னுமாகப் பிடித்து நடந்தால் நுனி முறியாது. ஆயினும் ஐந்தடித் துண்டுகள் இரண்டாகத் துணியிற் சுற்றி எடுத்துச் செல்வதே சௌகரியம்.

இத்தகையோர் வாங்கும் கோல் பெரும்பாலும் கண்ணாடி நாராலோ, 1970-களிலிருந்து பரவிய கார்பன் நாராலோ ஆனது. இவற்றில் உலோகப் பூண் இன்றி ஒரு துண்டு மற்றொன்றினுள் நுழைவதால், பழைய எடைக் குறையும் விறைப்புக் குறையும் வெகுவாக நீங்கிவிட்டன. நன்கு செய்த இரு துண்டுக் கோலுக்கும் ஒற்றைக் கோலுக்கும் உள்ள பேதத்தைச் சாதாரணமாகத் தூண்டில் போடுபவர் கை உணராது. ஆகையால் விற்பவர் ஒற்றைக் கோலே உயர்ந்தது என்று சொன்னாலும், பிரயாணம் செய்பவர் அதற்காக அதிகக் கிரயம் கொடுக்கவேண்டியதில்லை.

இணைப்பைப் பரீட்சிக்கும் முறை

வாங்குமுன் இரு துண்டுகளையும் பொருத்தி, நுனியைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும். இணைப்பில் ‘டக்’ என்ற ஓசை கேட்டால் அக்கோல் ஆகாது. வளையங்கள் யாவும் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். உள்ளே முளைபோல் நீட்டிக்கொண்டு நுழையும் வகையில், பொருத்தியபின் இரு துண்டுகளுக்கும் நடுவே சிறிது இடைவெளி தெரிவது குறையன்று. தேயத் தேய முளை உள்ளே இறங்குவதற்காக விட்ட இடம் அது. அவ்விடைவெளி முற்றும் மறைந்த நாளில் இணைப்பு தளர்ந்துவிட்டது என்று அறியவேண்டும். மெழுகுவர்த்தியைச் சிறிது தேய்த்தால் சிலகாலம் பிடிக்கும்.

ஈரத்தோடு பொருத்தி அப்படியே விட்டுவிட்டால் துண்டுகள் இறுகிக்கொள்ளும். அப்போது முறுக்குதலும், வளையங்களைப் பற்றி இழுத்தலும் கூடாது. இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் ஒரு கையால் மேற்துண்டையும் மறு கையால் கீழ்த்துண்டையும் பற்றி, இணைப்புக்கு இருபுறமும் நேராக இழுத்தால் எளிதிற் கழலும்.

மூங்கிலிலேயே இரு துண்டுக் கோல் செய்ய விரும்புவோருக்கு ஜப்பான் தேசத்தார் முறை வழிகாட்டும். அவர்கள் உலோகமின்றி, மூங்கிலுக்குள் மூங்கிலையே நுழைத்து, இணைப்பின் வாய்ப்பகுதியைப் பட்டுநூலால் நெருங்கச் சுற்றி, அரக்கு வார்னிஷ் பூசுகின்றனர். பிளவு தொடங்குவது வாய்ப்பகுதியிலாகையால் அங்கே நூற்கட்டு இறுக்கமாக இருத்தல் வேண்டும். நம் ஊர்களில் உறுதியான நூலும் வார்னிஷும் கொண்டே இதைச் செய்யலாம்.

உயிருக்கு எச்சரிக்கை

கோல் முறிவது காசு நஷ்டம். மின்கம்பியைத் தொடுவது உயிர் நஷ்டம். கார்பன் நார்க் கோல் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த மூங்கிலும் நம்பத்தக்கதன்று. வாய்க்காலையும் கண்மாய்க் கரையையும் கடந்து கம்பிகள் செல்லும் இடங்களில், நெடுங்கோலைத் தோளில் நிமிர்த்திச் செல்பவர் மேலே பார்ப்பதில்லை. கரையில் நின்று கோலை ஓங்கி வீசும்போதும் அபாயம் அதுவே. கம்பியைத் தொடாமல், அதை மிகவும் நெருங்கினாலே உயர் அழுத்த மின்சாரம் பாயக்கூடும். இரு துண்டுக் கோலுடையவர் தூண்டில் போட்டு முடிந்தவுடன் கழற்றிக் கீழே தாழ்த்திச் செல்லலாம். இணைப்பினால் விளையும் நன்மைகளுள் தலையாயது இதுவே. ஒற்றைக் கோலுடையவர் அதைத் தரைக்குச் சமமாகப் பிடித்துச் செல்லவேண்டும். இடி முழங்கத் தொடங்கியதும் எவ்வகைக் கோலாயினும் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு அகலவேண்டும். மலையில் மழை பெய்யும்போது வைகையின் கிளையாகிய கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் திடீரென வருமாகையால், ஆற்றின் நடுப்பாறைகளில் நிற்பதும் தகாது.

மேலும், கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் சம்மதம் பெறுதலும், அணைகளில் மீன்துறையாரின் அனுமதி பெறுதலும், சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் தூண்டில் போடாதிருத்தலும் குடிகளின் கடமையாம்.

முடிவு

கரைக்கு நடந்து செல்பவர் கல்மூங்கில் ஒற்றைக் கோலைத் தாமே செய்துகொள்க. பஸ்ஸிலும் ரயிலிலும் மலைப்பாதையிலும் செல்பவர் இணைப்பு நன்றாயமைந்த இரு துண்டுக் கோலை வாங்குக. வாங்கியபின் இணைப்பை உலர்த்தியும் துடைத்தும் காத்துவந்தால் அது பல வருஷம் உழைக்கும். எக்கோலாயினும் அதை உயர்த்துமுன் தலைக்குமேல் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை, தூண்டில் பிடிக்கும் முதல் நாளிலேயே சிறுவருக்குப் பெரியோர் கற்பிக்கவேண்டும்.