உங்களுக்குத் தெரியுமா? ட்ரோனை வீழ்த்திய கொக்கி

2016 அக்டோபரில் கேமரா நிறுவனமான கோப்ரோ, 'கர்மா' என்ற ட்ரோனை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே அவற்றில் சில மின்சாரம் இழந்து கீழே விழுந்தன. நவம்பர் 8 அன்று, அதுவரை விற்ற சுமார் 2,500 ட்ரோன்களையும் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது.

காரணம், பேட்டரியைப் பிடித்துவைக்கும் கொக்கி! பறக்கும்போது பேட்டரி இம்மி நகர்ந்தாலும் மின்முனைகளின் தொடர்பு விட்டுப்போகும். நான்கு விசிறி ட்ரோனுக்கு மிதந்து இறங்க இறக்கை கிடையாது. மோட்டார்கள் நின்றால் விழ வேண்டியதுதான். கொக்கியைத் திருத்திய பின், 2017 பிப்ரவரியில் கர்மா மீண்டும் கடைக்கு வந்தது.

உங்கள் ட்ரோன் இப்படி விழுந்தால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி உட்காரும் இடத்தைப் பாருங்கள். கொக்கி தளர்ந்திருக்கிறதா, முனைகள் கருகியிருக்கின்றனவா? அடுத்தது பறப்புப் பதிவு. மிகப் பயனுள்ள சாட்சி இதுதான். வோல்ட் அளவு வேகமாகச் சரிந்து முடிந்திருந்தால் பேட்டரி வலுவிழந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும் லித்தியம் பாலிமர் செல்லும் பழசானால், குளிரில் அல்லது விரைந்து மேலேறும்போது சட்டென்று இறங்கும். அளவு சீராக இருக்கும்போதே பதிவு பாதியில் அறுந்திருந்தால் இணைப்பில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

உப்பிய பேட்டரி இருக்கையில் சரியாகப் பொருந்தாது, தீப்பிடிக்கவும் கூடும். அதை இன்னொரு முறை பறக்கவிடாதீர்கள்.