கேக்குக்கு ஏற்ற சர்க்கரைப் போர்வை எது?
"ஃபாண்டண்ட்" வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சூலூர்ப் பக்கத்தில் "பேக்கரி" என்றால் முதலில் நினைவுக்கு வருவது கேக் அல்ல, டீ! திருச்சி ரோட்டில் பஸ்சை விட்டு இறங்குகிறவர், "வாங்க, பேக்கரியில ஒரு டீ குடிச்சுப் போட்டுப் போலாமுங்க" என்பார். தேங்காய் பன்னும், வர்க்கியும், பப்சும் அதற்குத் துணை.

ஆனால், பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது வேறொரு அதிசயமும் உட்கார்ந்திருக்கிறது. யானை, ரெயில் வண்டி, பாவாடை கட்டிய பொம்மை, கிரிக்கெட் மைதானம்! எல்லாம் கேக்குகள். விமானப் படைத் தளம் இருக்கும் ஊர் சூலூர். 2020-ம் ஆண்டு மே மாதம், தேஜஸ் விமானங்களைக் கொண்ட 18-வது படைப் பிரிவு இங்கேதான் தொடங்கப்பட்டது. பிறந்த நாள் கேக்கின் மேல் தேஜஸ் விமானம் நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் ஆச்சரியம் இல்லை அல்லவா?

இந்த உருவங்களை எல்லாம் செய்வது ஒரு சர்க்கரை மாவு. சப்பாத்தி மாவு போலப் பிசையலாம், தேய்க்கலாம், வெட்டலாம், உருட்டலாம். அதன் பெயர் "ஃபாண்டண்ட்".

முதல் பிறந்த நாள் கேக்குக்காகக் குடும்பங்கள் செலவிடும் பணம் கொஞ்சநஞ்சம் அல்ல. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்களும் பெருகிவிட்டார்கள். போர்வை சரியாக அமையாவிட்டால் ஒரு நாள் உழைப்பும் முதலும் சேர்ந்து கரைந்து போகும். அதைவிட முக்கியம், அதைத் தின்னப்போவது குழந்தைகள்! ஆகவே, எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அதிரசப் பாகும் அதுவும் ஒன்றே!

"ஃபாண்டண்ட்" என்பது பிரெஞ்சுச் சொல். "உருகுவது" என்று பொருள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஊற்றுவது, மற்றொன்று தேய்த்துப் போர்த்துவது.

ஊற்றும் வகையைச் செய்ய, சர்க்கரையையும் தண்ணீரையும் கொஞ்சம் குளுக்கோஸ் பாகுடன் 114 முதல் 116 டிகிரி (சென்டிகிரேடு) வரை காய்ச்சுகிறார்கள். பிறகு கலக்காமல் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்ததும் மரக் கரண்டியால் அடிக்கிறார்கள். பாகு வெண்ணெய் போல வெளுத்து வரும். சர்க்கரை மிக நுண்ணிய மணிகளாக உறைவதால், நாக்கில் நறநறப்பு தெரிவதில்லை.

இந்த 114 டிகிரி நம் பாட்டிமாருக்குப் புதிதல்ல. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கையால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வரவேண்டும் என்று அதிரசத்துக்குப் பதம் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே பதம்தான்! வெப்பமானி இல்லாமலே கொங்கு நாட்டு அடுப்பங்கரையில் இந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

தேய்க்கும் வகையில், பொடித்த ஐசிங் சர்க்கரைதான் முக்கால் பங்குக்கும் மேல். அது ஒட்டிக்கொள்ள ஒரு பசை வேண்டும். வளைந்து கொடுக்கக் குளுக்கோஸ் பாகு வேண்டும். காய்ந்து போகாமல் இருக்கக் கிளிசரின் வேண்டும். வழவழப்புக்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். இவ்வளவுதான் ரகசியம்.

சர்க்கரையும் கோவையும்

சர்க்கரைக்கும் கோவைக்கும் நெருங்கிய உறவு உண்டு. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் கோவையில் தொடங்கப்பட்டது. இனிப்பான கரும்பையும், தானே முளைத்துக் கிடக்கும் காட்டுக் கரும்பையும் இங்கே கலப்பினம் செய்தார்கள். அதில் பிறந்த "கோ 205" 1918-ல் வெளிவந்தது. "கோ" என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்து! டி. எஸ். வெங்கட்ராமன் இந்த ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெற்றார். தாவரவியல் மேதை ஜானகி அம்மாளும் 1930-களில் இங்கே பணிபுரிந்தவர். கோவைக் கரும்பின் பிள்ளைகள் வட இந்திய வயல்களை எல்லாம் பிடித்துக்கொண்டன.

கொங்கு நாட்டுப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை "அஸ்கா" என்பார்கள். அது ஓர் ஊரின் பெயர். பழைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவில் இருந்த அஸ்காவில் சர்க்கரை ஆலை இருந்தது. ஊர்ப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

ராணியின் கேக்

கேக்குக்குச் சர்க்கரைச் சட்டை போடுவது ஐரோப்பியப் பழக்கம். 1840-ல் விக்டோரியா மகாராணியின் திருமணத்துக்குச் செய்த கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு. 1947-ல் இளவரசி எலிசபெத்தின் திருமணக் கேக் 9 அடி உயரம்! அந்தக் காலக் கேக்குகளுக்குப் போட்டது முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்த "ராயல் ஐசிங்". அது காய்ந்தால் ஓடு போல் இறுகிவிடும். ஃபாண்டண்ட் அப்படி அல்ல. கத்தி வைத்தால் மெத்தென்று இறங்கும்.

நம் பக்கத்து மைசூர்ச் சீமையிலும் சர்க்கரை உருவங்கள் உண்டு. சங்கராந்தி அன்று மர அச்சில் பாகு வார்த்துச் செய்த பொம்மைகளை எள்ளுடன் வழங்குகிறார்கள். ஆக, சர்க்கரையில் உருவம் செய்வது நமக்கு அந்நியம் அல்ல.

பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா?

இனி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது பசை எது என்பதை. பழைய முறையில் போடுவது ஜெலட்டின். இது மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சுத்த சைவக் குடும்பத்து விருந்தில் முட்டை இல்லாத கேக்கைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். ஆனால், மேலே போர்த்திய போர்வையில் ஜெலட்டின் இருப்பது தெரியாது! பேரனுக்காக ஒரு துண்டு வாயில் போட்ட பாட்டிக்குப் பிறகு தெரிந்தால் மனம் என்ன பாடுபடும்? பன்றியை விலக்கும் முஸ்லிம் விருந்தினருக்கும் இதே சங்கடம்தான்.

இதற்கு மாற்று உண்டு. "சி.எம்.சி." என்னும் தாவர நார்ப் பொடி, டிராககாந்த் பிசின், "சைனா கிராஸ்" என்கிற அகர் ஆகியவை சைவப் பசைகள். அகர், கடற்பாசியிலிருந்து கிடைப்பது. நம் ராமநாதபுரம் கடற்கரையிலேயே அந்தப் பாசி சேகரிக்கப்படுகிறது.

பொட்டலத்தின் மேல் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்பு நிற முக்கோணம் இருந்தால் அசைவம். பொருள்களின் பட்டியலில் 466 என்ற எண் சி.எம்.சி.யைக் குறிக்கும், 413 டிராககாந்த், 422 கிளிசரின். பெரிய பொட்டலத்தைப் பிரித்து, முகவரி இல்லாத பையில் போட்டு விற்பதை வாங்காதிருப்பதே நல்லது. அதில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இரண்டாவது, நிறம். நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. துணிக்குப் போடும் சாயம் உணவுக்கு ஆகாது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கலாம். அதில் "ரோடமைன் பி" என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்துக்காக, உண்ணத் தகாத சாயத்தைச் சேர்த்திருந்தார்கள்!

தங்கப் பொடி, வெள்ளிப் பொடி என்று கேக்கின் மேல் தூவுகிறார்களே, அதிலும் கவனம் தேவை. 2019-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது தெரிய வந்தது. பிறந்த நாள் கேக்கின் அலங்காரப் பொடிதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தப் பொடியில் கால் பங்கு ஈயம்! இத்தகைய பொடிகளின் சீட்டில் "நஞ்சற்றது" என்று போட்டிருந்தால் போதாது. "உண்ணத் தக்கது" என்று இருக்க வேண்டும். பார்வைக்கு மட்டும் என்று விற்கப்படும் பொடி தட்டுக்கு வரக் கூடாது.

பளிச்சென்ற வெள்ளைக்காகச் சில ஃபாண்டண்டுகளில் 171 என்னும் எண்ணுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2022-ல் உணவில் அதற்குத் தடை விதித்தது. வெண்மை கொஞ்சம் குறைந்தாலும், இந்த எண் இல்லாத பொட்டலத்தைத் தேடுவது விவேகம்.

ஆடிக் காற்றும் சித்திரை வெயிலும்

மூன்றாவது, நம் ஊர்ப் பருவம். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சித்திரை வெயில் 35 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மாவு கையில் ஒட்டும், உருவம் சாயும். மழைக் காலத்தில் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிறதே காற்று, அது வேறு விதமான எதிரி! திறந்த ஜன்னல் அருகே மாவைத் தேய்த்தால், மேல் பக்கம் சட்டென்று காய்ந்து, யானைத் தோல் போலச் சுருங்கி வெடிக்கும்.

பரிகாரம் எளிது. ஈரக் காலத்தில் பலகையில் சோள மாவு தூவித் தேய்க்க வேண்டும். காற்றுக் காலத்தில் சோள மாவு இன்னும் உலர்த்தும். ஆகவே, கையிலும் பலகையிலும் சிறிது வனஸ்பதி தடவிக்கொள்ள வேண்டும். மிச்சமுள்ள மாவைக் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும்.

அடியில் என்ன பூசுகிறோம் என்பதும் முக்கியம். அடித்த கிரீமில் தண்ணீர் அதிகம். அதன் மேல் சாதாரண ஃபாண்டண்டைப் போர்த்தினால் சர்க்கரை கரைந்து வழியும். ஒரு பங்கு கிரீமுக்கு இரண்டு பங்கு கறுப்புச் சாக்லேட் சேர்த்த "கனாஷ்" பூச்சு இறுகி நிற்கும். நம் வெயிலுக்கு அதுவே பொருத்தம்.

குளிர்ப் பெட்டியில் வைத்த கேக்கை வெளியே எடுத்ததும் மேலே வியர்க்கும். அப்போது கை வைத்தால் தடம் விழும், நிறம் கலையும். அட்டைப் பெட்டியோடு உள்ளே வைத்து, வெளியே எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் வியர்வை குறையும்.

விமானத்தின் இறக்கை போல நிமிர்ந்து நிற்க வேண்டியவற்றுக்கு வெறும் ஃபாண்டண்ட் போதாது. அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. சேர்த்துப் பிசைந்து, இரண்டு மூன்று நாள் முன்னதாகவே செய்து உலர்த்த வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். 60 மில்லி குளிர்ந்த தண்ணீரில் ஒரு மேசைக் கரண்டி ஜெலட்டினை ஊறவைத்து, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளக்க வேண்டும். அரைக் கோப்பை குளுக்கோஸ் பாகு, ஒரு மேசைக் கரண்டி கிளிசரின், இரண்டு மேசைக் கரண்டி வனஸ்பதி சேர்த்து, 900 கிராம் ஐசிங் சர்க்கரையில் ஊற்றிப் பிசைந்தால் போர்வை தயார். ஓர் இரவு மூடி வைத்துவிட்டு எடுத்தால் வழவழப்பு கூடும். ஜெலட்டின் வேண்டாதவர்கள் அகரைப் போடலாம். ஆனால், அகர் வெந்நீரில் இளகாது. தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும்.

8 அங்குல வட்டக் கேக் ஒன்றைப் போர்த்தச் சுமார் 700 கிராம் தேவை. கனம் 3 மில்லிமீட்டர் போதும். கனமாகப் போர்த்தினால் குழந்தைகளே உரித்து எறிந்துவிடுவார்கள். தின்றாலும் தொல்லைதான். ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியது. பெரியவர்களுக்கான கணக்கு அது. 50 கிராம் ஃபாண்டண்டே அந்த அளவைத் தாண்டிவிடும்!

தாய்மார்கள் கவனத்துக்கு

1. பச்சை வட்டம், பொருள் பட்டியல், உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதித் தேதி நான்கையும் பார்த்து வாங்குங்கள்.

2. ஒரு துண்டைப் பிசைந்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுபட்டு நீண்ட பிறகு அறுந்தால் நல்லது. உடனே பொடிந்தால் பழையது.

3. கடும் சிவப்பும் கறுப்பும் வேண்டுமானால் நிறம் சேர்த்தே வருவதை வாங்குங்கள். வீட்டில் சேர்த்தால் நிறைய நிறம் கொட்ட வேண்டியிருக்கும்; மாவும் இளகிப்போகும்.

4. வீட்டில் செய்து விற்கிறவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை தரும்.

5. கேக் சொல்லும்போதே "ஜெலட்டின் உண்டா?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

விலை அதிகமான ஃபாண்டண்ட் எல்லாம் சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. என்ன சேர்த்தது என்பதை ஒளிக்காமல் சொல்வதும், நம் வெயிலுக்கும் காற்றுக்கும் தாங்குவதும், பந்தியில் இருக்கும் எல்லோரும் தயங்காமல் வாயில் போடக் கூடியதும் எதுவோ, அதுவே சிறந்தது!