பழைய பாணியில் ஒரு குட்டிக் கடை

செம்பூரில் என் தங்கை திறந்திருக்கும் குழந்தைகள் துணிக்கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அலங்காரத்துக்கு அவள் ஒதுக்கியது 15,000 ரூபாய். நாம் சிறுவயதில் பார்த்த கடை மாதிரி இருக்க வேண்டும் என்றாள்.

மும்பைவாசிகளுக்கு இதற்கென்றே சோர் பஜார் இருக்கிறது. மட்டன் தெருவில் தகரப் பெட்டி, எனாமல் குவளை, சினிமா போஸ்டர் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போவது நலம். ஆனால், வண்ணம் உரியும் பழைய பொம்மை, பலகை எதையும் நான் வாங்க விடவில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. கடைக்கு வரும் குழந்தையோ கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். சுரண்டித் தேய்த்துப் புதுப்பிக்கலாமே என்றால், பறக்கும் தூள் அதைவிட ஆபத்து.

ஆகவே பழைய தோற்றத்தைப் புதுப் பெயிண்டில் கொண்டுவந்தோம். சுவரின் கீழ்ப்பாதி இளம்பச்சை, மேலே வெள்ளை, நடுவே காவிக் கோடு. அசல் பள்ளிக்கூடச் சுவர்! ஆப்பிள் வரும் மரப்பெட்டிகளே அலமாரி. கண்ணாடி ஜாடிகளில் ரிப்பன். பொம்மைகள் சென்னபட்டணத்திலிருந்து வந்தன. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் ஏறிவிடுகிறது. மெருகுக்குத் தாழை மடல்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் சில வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.

மீந்த 800 ரூபாய்க்கு ஒரு மர ஸ்டூல் வாங்கிப் போட்டோம், கூட வரும் தாத்தாக்கள் உட்கார.