கல்லூரிப் பிள்ளைக்கு மனசு சரியில்லை: யாரிடம் போவது?

தேனி மாவட்டம் போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியை மடியில் வைத்து நெருக்கியடித்து உட்காரும் தொழிலாளர்கள், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டி கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். அந்தக் கூலியில்தான் பல வீடுகளில் முதல் பட்டதாரி உருவாகிறார். ராத்திரி போனில் அம்மா விசாரித்தால், "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தவிர வேறு சொல்ல அந்தப் பிள்ளைக்கு மனசு வராது. அரியர் விழுந்ததையும் ஹாஸ்டலில் தூக்கமில்லாமல் புரள்வதையும் சொன்னால் வீடு தாங்காது என்ற பயம். சிகிச்சை தள்ளிப்போவதற்கு, பணத்தைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எப்போது கவனிக்க வேண்டும்?

பரீட்சைப் படபடப்பு பரீட்சையோடு போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் மனம் கனத்துக் கிடந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், தூக்கமும் பசியும் மாறினால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தீராத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று உடம்பு வழியாகவும் அது வரும். காத்து கருப்பு என்று குறி சொல்லும் கோடங்கியிடம் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் உண்டு. சாமி கும்பிடட்டும், அதற்காக மருத்துவரைப் பார்ப்பது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கே கிடையாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும், அந்தப் பிள்ளையைத் தனியே விடவும் கூடாது.

உதவி எங்கே இருக்கிறது?

கையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. 14416 என்பது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க, தேனியிலிருந்து மதுரை போகும் சாலையில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவைக் கேட்டால் போதும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில் இருப்பார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எப்போதிலிருந்து இப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் என்ன நிலை என்று கேட்பார்கள். பலருக்குச் சில வாரங்கள் ஆலோசனைக்குப் போய்வந்தாலே தெளிவு வந்துவிடும். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பலன் தெரியவில்லை என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். இந்த மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

"காலேஜுக்குத் தெரிஞ்சிருமா?" என்பதே பலரின் கவலை. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு.

பெற்றோருக்கு

பிள்ளை லீவுக்கு வந்தால் மார்க்கைக் கேட்பதற்கு முன் ராத்திரி தூங்குகிறதா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் திட்டாதீர்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், க.விலக்குக்குக் கூடவே போய் வாருங்கள்.