அச்சிட்ட அலுமினியத்தில் விரிசல் ஏன் வளர்கிறது?

ஒருமுறை எளிதாகத் தாங்கும் சுமையையே ஆயிரக்கணக்கான முறை தாங்க நேர்ந்தால் உலோகம் சோர்ந்துபோகும். 1954-இல் இரண்டு காமெட் விமானங்கள் வானில் சிதறியதற்கு இந்தச் சோர்வே காரணம்.

விமானப் பாகத்தை முப்பரிமாண அச்சில் செய்யும்போது லேசர் அலுமினியத் தூளை அடுக்கடுக்காக உருக்குகிறது. ஓர் அடுக்கின் கனம் பெரும்பாலும் 30 முதல் 60 மைக்ரான். தூளில் ஒட்டிய ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உருண்டைத் துளைகளை உண்டாக்கும். அவற்றைவிட ஆபத்தானவை, இரண்டு அடுக்குகள் சரியாக உருகி ஒட்டாத இடங்கள். அவை தட்டையாக, கூரிய விளிம்போடு கிடக்கும். பிறவியிலேயே பாதி விரிசல் என்பேன். அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் பாகத்தை இழுத்தால் அந்த விளிம்பில் தகைவு குவியும். ஒவ்வொரு இழுப்பிலும் விரிசல் முனை இம்மியளவு நகரும். விரிசல் நீள நீள வேகமும் கூடும்.

துளை மேற்பரப்பை ஒட்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அச்சின் சொரசொரப்பைக் கடைந்து நீக்கினால் ஆயுள் கூடும்; ஆனால் அதுவே உள்ளே மறைந்த துளையை வெளியே கொண்டுவந்துவிடலாம். வெப்பத்தோடு உயர் வாயு அழுத்தம் கொடுத்தால் துளைகள் மூடும். அலுமினியம்-சிலிக்கான் கலவையோ அந்தச் சூட்டில் வலிமை குன்றும். இந்தத் தீர்வுகள் முழுமையானவை அல்ல என்பதால், பாகத்தை எந்தத் திசையில் நிறுத்தி அச்சிடுவது என்பதை, பறக்கையில் சுமை வரும் திசையைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.